தீயணைப்பு வண்டிக்கு மாவட்ட எல்லை எதற்கு?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் அரை மணி நேரத்துக்குள் பலமுறை மாநில எல்லையைத் தாண்டுகிறார்கள். வில்லியனூர் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. பிறகு வளவனூரில் மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகக் கையில் வைத்திருந்த கிராமங்கள் 1954-இல் அப்படியே இந்தியாவோடு சேர்ந்ததன் மிச்சம் இது. மது, பெட்ரோல் விலை வித்தியாசத்தில், இந்தக் கோடுகளால் ஆதாயம் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் கண்டமங்கலத்தில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டால் அதே கோடு வேறு வேலை செய்யும். அந்த ஊருக்கு மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தைவிட வில்லியனூர் எவ்வளவோ பக்கம். வில்லியனூரில் தீயணைப்பு நிலையமும் இருக்கிறது. ஆனால் அது இன்னோர் அரசின், இன்னொரு துறையின் நிலையம். பெரிய தீ என்றால் இரு பக்க வண்டிகளும் ஓடி வருவது இப்பகுதியில் வழக்கம்தான். ஆனாலும் முதல் வண்டி எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது தூரமல்ல, வரைபடத்தில் உள்ள கோடு.

புதுச்சேரியில் இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாவட்டத்துக்கு மாவட்டம், வட்டத்துக்கு வட்டம் இதே கதை நடக்கிறது. ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பேச்சு வழக்கில் சொன்னால் 'லிமிட்'. அந்த லிமிட்டின் மீது இரண்டு வேலைகளை ஏற்றி வைத்திருக்கிறோம். தடையின்மைச் சான்று கொடுப்பது, திரையரங்கையும் பள்ளியையும் மருத்துவமனையையும் ஆய்வு செய்வது, பதிவேடு பராமரிப்பது, விபத்து நடந்தால் பதில் சொல்வது ஆகியவை ஒரு வேலை. அழைப்பு வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் கறாரான எல்லை அவசியம். இரண்டாவதற்கு எல்லையே கூடாது. யார் பக்கத்தில் இருக்கிறார்களோ, யார் வண்டி சும்மா நிற்கிறதோ, அவர்கள்தான் போக வேண்டும். தமிழகத் தீயணைப்பு நிலையங்களின் எல்லைகளை மறுசீரமைக்க வேண்டும் என்றால், இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் தொடங்க வேண்டும்.

இதற்கு அடிப்படையான கணக்கு எளிது. தேசிய அளவில் தீயணைப்பு ஆலோசனை நிலைக்குழு பரிந்துரைத்த அளவுகோல், நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கும் கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு நிலையம் என்பது. உள்துறை அமைச்சகத்துக்காகச் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வு நிலப்பரப்பை விட்டுவிட்டு நேரத்தைக் கையில் எடுத்தது: நகரத்தில் 5 முதல் 7 நிமிடம், கிராமத்தில் 20 நிமிடம். அந்தக் கணக்கின்படி நாட்டுக்கு 8,559 நிலையங்கள் தேவைப்பட்டன, இருந்தவை 2,987. தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். 350-க்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அதைப் பங்கிட்டால், ஒரு நிலையத்தின் தலையில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் விழுகிறது. அது வட்டமாக இருந்து, நிலையம் சரியாக நடுவில் இருந்தாலும், ஓரத்துக்கு நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டர். சாலை வழியே 13, 14 ஆகும். தண்ணீர் நிரம்பிய கனமான வண்டி நம் ஊர்ச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடத்தில் 13 கிலோமீட்டர்தான் போகும். ஆக, எல்லாம் கச்சிதமாக அமைந்தால்கூட நூலிழையில்தான் தேறுகிறோம். எதார்த்தத்தில் எந்த வட்டமும் வட்டமாக இல்லை, எந்த நிலையமும் நட்ட நடுவில் இல்லை.

பெரும்பாலும் வட்டத் தலைநகரில்தான் நிலையம் இருக்கிறது. ஓரத்துக் கிராமங்களுக்கு அது எட்டாக்கை. அதே கிராமங்களுக்கு அடுத்த மாவட்டத்து நிலையம் பல இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஓரம் என்பது எப்போதும் இரண்டு பேருக்கு ஓரம். நிர்வாக எல்லையை அப்படியே தீயணைப்பு எல்லையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்த ஓரத்து மக்கள்தான் நிரந்தரமாகத் தோற்கிறார்கள். தோற்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னங்கீற்றுக் கூரை பத்து நிமிடம்கூடத் தாங்காது. வண்டி வரும்போது அணைப்பதற்குச் சாம்பல்தான் இருக்கும், பக்கத்து வீட்டைக் காப்பாற்றுவதுதான் பணி. காங்கிரீட் வீடு பாதுகாப்பு என்று நினைப்பதற்கும் இல்லை. நுரை மெத்தை, செயற்கை இழைத் திரைச்சீலை, பிளாஸ்டிக் நாற்காலி என்று நிறைந்திருக்கும் இன்றைய அறையில், ஒரு மூலையில் தொடங்கிய தீ சில நிமிடங்களில் மொத்த அறையையும் ஒருசேரப் பற்ற வைத்துவிடும். கிணற்றில் விழுந்தவரை மீட்கப் போகும் அழைப்புக்கும் இதே கணக்குதான். இன்று துறைக்கு வரும் அழைப்புகளில் தீயைவிட மீட்புப் பணிகளே அதிகம்.

எல்லைக் கோட்டின் அபத்தத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் இடம் பட்டாசுத் தொழில் பகுதி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று நாம் விருதுநகர் மாவட்டத்தோடு முடித்துக்கொள்கிறோம். ஆலைகள் அப்படி முடித்துக்கொள்ளவில்லை. தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கமும் தூத்துக்குடி மாவட்டத்தின் கழுகுமலை, கோவில்பட்டி பக்கமும் அவை பரவியிருக்கின்றன. மண், வெயில், உழைப்பாளர்கள், வாடிக்கையான தரகர்கள் என எல்லாமே ஒரே பகுதி; மாவட்டம் மட்டும் மூன்று. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நடந்தது போன்ற வெடிவிபத்தில் ஒரு நிலையத்தின் வண்டி ஒன்றும் செய்துவிட முடியாது. ஒரு வண்டி சுமந்து செல்வது பொதுவாக 4,500 லிட்டர் தண்ணீர். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது வண்டி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் இருக்கிறது எல்லாம். மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் நிலையங்களை ஒரே ஆபத்து மண்டலமாக முன்கூட்டியே வரையறுத்து, முதல் அழைப்பிலேயே எந்தெந்த நிலையங்கள் கிளம்ப வேண்டும் என்று எழுதி வைப்பதற்குப் பெரிய ஞானம் எதுவும் தேவையில்லை. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தபோது நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்திருக்கும். 2019-க்கும் 2020-க்கும் இடையில் மாவட்டங்கள் 32-இலிருந்து 38 ஆயின. ஆபத்து அதற்கேற்ப ஆறு புதிய துண்டுகளாகப் பிரிந்துவிடவில்லை.

எல்லாக் கோடும் கற்பனையல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டமும் தென்கரையில் தஞ்சாவூர் மாவட்டமும் இருக்கின்றன. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாலம் இருக்கும் இடங்கள் சில. எதிர்க்கரை நிலையம் வரைபடத்தில் பக்கம், சாலையில் தூரம். கொல்லிமலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கிலோமீட்டர் கணக்கு செல்லாது. நான்குவழிச் சாலையின் நடுவே தடுப்பு வைத்த பிறகு, எதிர்ப்புறத்து ஊருக்குப் போக அடுத்த திருப்பம்வரை ஓடித் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ரயில்வே கேட் மூடியிருந்தால் அதுவும் ஓர் எல்லைதான், நாளைக்குப் பலமுறை தோன்றி மறையும் எல்லை. ஆகவே நான் கேட்பது வட்டக் கோட்டை அழித்துவிட்டுக் காம்பஸை வைத்துப் புதிய வட்டம் போடுவதை அல்ல. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் எந்த நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று அளந்து, அந்த நிமிடங்களின் வரைபடத்தை உருவாக்க வேண்டும். அதற்கான தரவு நிலையப் பதிவேடுகளில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது: அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சம்பவ இடத்தைச் சேர்ந்த நேரம். சில ஆண்டுகளின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்தால், எந்தக் கோடு ஆறு, எந்தக் கோடு வெறும் காகிதம் என்று தெரிந்துவிடும்.

இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் 108-ஐப் பார்க்கலாம். 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய அந்த ஆம்புலன்ஸ் சேவைக்கான அழைப்புகள் ஒரே கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன. அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் வண்டி அனுப்பப்படுகிறது. எந்த மாவட்ட ஆம்புலன்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. காவல் துறையில்கூட, எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாலும் பதிந்துகொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்று சட்டமாகிவிட்டது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அதை நாம் சரியாக மதிக்கவில்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தீயணைப்பை நகராட்சிகள் செய்யக்கூடிய பணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. மும்பையிலும் அகமதாபாத்திலும் அந்தப் பணி மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இங்கேயோ மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை, ஒரே சீருடை, ஒரே பயிற்சி. ஸ்காட்லாந்து இந்த நிலைக்கு வருவதற்குத் தனிச் சட்டம் இயற்றி, எட்டு தீயணைப்பு அமைப்புகளை 2013 ஏப்ரலில் ஒன்றாக இணைக்க வேண்டியிருந்தது. நாம் இணைந்தே இருக்கிறோம். இருந்தும் இணையாதவர்களைப் போல நடந்துகொள்கிறோம். மாநிலத்துக்குள் எல்லை மாற்றப் புதிய சட்டம் வேண்டாம், துறைத் தலைமையின் உத்தரவு போதும்.

முதல் ஆட்சேபம் பொறுப்பு பற்றியது. எல்லாரும் போகலாம் என்றால் யாரும் போக மாட்டார்கள், நாளை உயிர்ச்சேதம் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பார்கள். நியாயமான கேள்விதான்; நம் அலுவலகப் பண்பாட்டை அறிந்தவர்கள் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் இரண்டு கோடுகள் வேண்டும் என்கிறேன். ஆய்வு, சான்று, பதில் சொல்லும் கடமை ஆகியவற்றுக்குப் பழைய எல்லையே இருக்கட்டும். வண்டி அனுப்பும் பொறுப்பு நிலையத்திடம் அல்ல, கட்டுப்பாட்டு அறையிடம் இருக்க வேண்டும். எந்த வண்டியை, எத்தனை மணிக்கு அனுப்பினோம் என்று அங்கே பதிவாகும். பொறுப்பு இதில் கரைவதில்லை, கூர்மையாகிறது. எல்லையைக் கறாராக வைத்தால் பொறுப்பு தானாக வரும் என்பதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தின் தீயணைப்புப் படை, நகர எல்லைக்கு வெளியே இருந்த வீடுகளுக்கு ஆண்டுக்கு 75 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தந்தது. 2010-இல் கட்டணம் கட்டாத ஒருவரின் வீடு எரிந்தபோது, வந்து நின்ற வீரர்கள் கட்டணம் கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டார்கள்; அந்த வீட்டை எரிய விட்டார்கள். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. நம் வீரர்கள் அப்படி ஒருநாளும் செய்ய மாட்டார்கள் என்பது உண்மை. எல்லையும் கட்டணமும் சேர்ந்தால் விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: பக்கத்து மாவட்டத்துக்கு வண்டி போய்விட்ட நேரத்தில் சொந்த ஊரில் தீப்பிடித்தால்? பல நிலையங்களில் ஓடக்கூடிய நிலையில் ஒரே வண்டிதான் இருக்கும் என்னும்போது இது வெறும் பயமல்ல. ஆனால் இந்த ஆபத்து இன்றைக்கும் இருக்கிறது. சொந்த லிமிட்டின் ஒரு மூலைக்கு வண்டி போயிருக்கும்போது மறுமூலை பாதுகாப்பின்றித்தான் கிடக்கிறது. எல்லைக்குள் அடைபட்டிருப்பதால் அந்த நேரத்தில் பக்கத்து நிலையத்தின் உதவி தாமதமாகவே வருகிறது. ஒரு வண்டி வெளியேறியதும், பின்னால் இருக்கும் நிலையத்தின் வண்டி நடுவழியில் வந்து காத்து நிற்கும் ஏற்பாடு உலகமெங்கும் உள்ளது. இங்கிலாந்தின் 2004 தீயணைப்புச் சட்டம், பக்கத்துப் படைகள் ஒன்றுக்கொன்று துணை வருவதற்கான திட்டத்தை 13-ஆவது பிரிவில் கடமையாகவே எழுதியிருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கலிபோர்னியாவில் கிழக்கு கான்ட்ரா கோஸ்டா தீயணைப்பு மாவட்டம் என்று ஒன்று இருந்தது. 1978-இல் அந்த மாநிலம் சொத்து வரிக்குப் போட்ட உச்சவரம்பால், அப்பகுதி கிராமமாக இருந்த காலத்து வரிப் பங்கு அப்படியே உறைந்துவிட்டது. பிரென்ட்வுட்டும் ஓக்லியும் நகரங்களாக வளர்ந்தன. நிலையங்கள் எட்டிலிருந்து மூன்றாகச் சுருங்கின. புதிய வரிக்கு வாக்காளர்கள் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். பக்கத்து மாவட்ட வண்டிகள் ஓயாமல் ஓடி வந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் 2022 ஜூலையில் அந்த மாவட்டமே கலைக்கப்பட்டு, பக்கத்து அமைப்போடு இணைந்தது. ஒருவழி உதவி நிலைக்காது. புதுச்சேரியோடும் கர்நாடகத்தோடும் கேரளத்தோடும் நாம் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தங்களில் எரிபொருள், பழுது, வீரர் காயமடைந்தால் இழப்பீடு என்ற கணக்கு முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது விபத்து நடந்தது கர்நாடக மண்ணில், மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழக இளைஞர்கள். இந்த ஆபத்து இரு மாநிலங்களுக்கும் பொது.

உள்ளூர் அறிவு பற்றியும் கேட்பார்கள். எந்தத் தெருவில் வண்டி நுழையாது, எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்தக் குளத்துக்கரை வண்டியின் எடையைத் தாங்கும் என்பதெல்லாம் அந்த நிலையத்துக்காரர்களுக்குத்தானே தெரியும்? தெரியும், ஆனால் 18 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சொந்த நிலையத்துக்குத் தெரிவதைவிட, அதே சந்தைக்கு வந்துபோகும் 6 கிலோமீட்டர் தொலைவு நிலையத்துக்கு அந்த ஊர் நன்றாகத் தெரிந்திருக்கலாம். இருந்தாலும் இந்த ஆட்சேபத்தில் ஒரு உண்மை இருக்கிறது. இங்கிலாந்து 2004-இல் 46 உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைகளை மூடிவிட்டு 9 வட்டார மையங்களைக் கட்டப் புறப்பட்டது. உள்ளூர்ப் படைகளின் சம்மதமோ ஒத்துழைப்போ இல்லாமல் மேலிருந்து திணித்த திட்டம் அது. 2010 டிசம்பரில் கைவிடப்பட்டது, குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீணானது என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு கணக்குச் சொன்னது. சென்னையில் ஒரு பெரிய திரையை மாட்டி, கணினியில் புள்ளிகளை ஓடவிட்டால் வேலை முடிந்தது என்று நம் அதிகாரிகளும் நினைக்கக்கூடும் என்பதால் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. புதிய எல்லையின் முதல் வரைவை எழுத வேண்டியவர்கள் நிலைய அலுவலர்களும் வண்டி ஓட்டுபவர்களும்தான். எந்தப் பாலம் வண்டியைத் தாங்காது என்பது எந்தச் செயலியிலும் இல்லை.

மறுசீரமைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும், நம் நிலையத்தை மூடப் போகிறார்கள் என்ற சந்தேகம் எழுவது இயற்கை. ரேஷன் கடையிலிருந்து அரசுப் பள்ளிவரை, இணைப்பு என்றால் இழப்பு என்றே மக்கள் கற்றிருக்கிறார்கள். 2014 ஜனவரியில் லண்டன் ஒரே நாளில் பத்து நிலையங்களை மூடியதுண்டு. தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இருப்பதே தேவையில் ஒரு பங்கு. எந்த நிலையமும் மூடப்படாது, எந்த வீரரின் பணியிடமும் குறையாது என்று உத்தரவின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். அரசியல் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் வரும்போதெல்லாம் உறுப்பினர்கள் தம் தொகுதிக்கு ஒரு தீயணைப்பு நிலையம் கேட்கிறார்கள், கிடைப்பது சில. யாருக்குக் கிடைக்கிறது என்பதைத் தேவையைவிடக் குரலின் வலு தீர்மானித்துவிடக்கூடும். தொகுதி எல்லையும் வட்ட எல்லையும் பெரும்பாலும் உள்ளூர்த் தலைநகரையே முன்னிறுத்துவதால், இரு மாவட்டங்களுக்கு இடையே கைவிடப்பட்ட ஓரங்களில் நிலையம் கேட்க ஆளே இல்லை. நிமிட வரைபடம் வந்தால் அந்த ஓரம் சிவப்பாகத் தெரியும். அங்கே வைக்கும் ஒரு நிலையம் இரண்டு மாவட்டங்களின் பள்ளத்தை நிரப்பும். 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த ஒன்றிய அரசு 2023-இல் 5,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் கால் பங்கு போட வேண்டும் என்றது. அப்படிப்பட்ட பணத்தில் வட்டத் தலைநகரங்களிலேயே புதுக் கட்டடம் எழுப்பினால், பழைய கோடுகளுக்குக் காங்கிரீட் போட்டதாகத்தான் ஆகும்.

எங்கே தொடங்குவது? விருதுநகர், தென்காசி, தூத்துக்குடி பட்டாசுப் பகுதி ஒன்று. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி கலந்து கிடக்கும் பகுதி இன்னொன்று. முன்னதற்கு ஒரு துறை உத்தரவு, பின்னதற்கு இரண்டு அரசுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம். இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்து, வண்டி போய்ச் சேர ஆகும் நேரம் குறைந்ததா இல்லையா என்று எண்ணில் காட்டினால் மற்ற மாவட்டங்களில் வாதமே தேவைப்படாது. குறையவில்லை என்றால் என் வாதத்தைத் தூக்கி எறியலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வெளிவரும் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை அழைப்புகள், எத்தனை உயிர்கள், எவ்வளவு சொத்து காப்பாற்றப்பட்டது என்று பட்டியல் போடுகிறார்கள். நிலையவாரியாக, அழைப்பு வந்ததிலிருந்து வண்டி போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது என்ற ஒரு பத்தியையும் அடுத்த ஆண்டுக் குறிப்பில் சேர்க்கட்டும்.